காலால் பிறந்தவரின் மகள்

நாமெல்லாம் மாடிப்படியைப் பார்த்ததும் கைப்பிடியைத் தேடுகிற வயசுக்கு வந்துவிட்டோம். போன முறை நம் பள்ளிக்கூடத்து ஆட்கள் கேளம்பாக்கத்தில் ஒருத்தி வீட்டில் கூடியபோது பேச்சு முழுக்க முட்டியைப் பற்றித்தான். யாருக்கு ஊசி, யாருக்கு பெல்ட்டு, யார் தரையில் உட்காருவதையே விட்டுவிட்டார்கள் என்று. வீட்டுக்காரி என்னைப் பார்த்து, "உனக்கு இன்னாடி, நீ ஓட்டக்காரி, உன் காலு கல்லாட்டம் இருக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவைத்தேன். உங்களுக்கு மறந்துபோயிருக்கலாம். எட்டாம் வகுப்பில் பாதி வருஷம்வரைதான் நான் ஓட்டக்காரி. அதற்குப் பிறகு உங்களில் பாதிப் பேர் என்னை ஆக்டர் என்றுதான் கூப்பிட்டீர்கள்.

அந்தப் பாதி வருஷத்தை எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். யார் மேலும் வழக்குப் போடுவதற்காக இல்லை. போடுவதற்கு ஆளும் இல்லை.

எங்கள் அப்பா காலால் பிறந்தவர். தாய் வயிற்றிலிருந்து தலை வராமல் கால் முதலில் வந்து பிறந்தவர். அப்படிப் பிறந்தவர் காலால் தடவிவிட்டால் சுளுக்கு போய்விடும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. இப்போதும் இருக்கிறது. என் பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் என்னைப் பார்க்கிற பார்வையே வேறு.

மற்ற நாட்களில் அப்பா டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் காண்ட்ராக்டருக்குக் கீழே சுவருக்கு வெள்ளை அடிக்கிறவர். அந்த வீடுகளில் அவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் பின்பக்கமாகப் போவார். தண்ணீர் கேட்டால் பாத்ரூம் மக்கில் வரும். அதே வீட்டுக்காரர், பெரிய படிப்புப் படித்தவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுப்பட்டினத்துக்கு ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்து, எங்கள் வீட்டு வாசலில் கோணலாக நின்று, "அண்ணே, இருக்கீங்களா?" என்பார். முதுகு பிடித்துக்கொண்டிருக்கும். அம்மா கோரைப்பாயை உதறி விரிப்பாள். அவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுப்பார். அப்பா வலது காலைக் கழுவி, துண்டால் துடைத்து, கிழக்கே பார்த்து நின்று, பிடித்திருக்கிற இடத்தில் மூன்று முறை மேலிருந்து கீழே தடவுவார். மிதிக்க மாட்டார், தடவல்தான். காசு வாங்கினால் பலிக்காது என்பதால் டீகூடக் குடிக்க மாட்டார்.

இரண்டொரு நாளில் அந்த ஆளுக்குச் சரியாகிவிடும். எல்லோருக்கும் சரியாகிவிடும். சதைப் பிடிப்பு என்பது தானாக விட்டுவிடுகிற சமாச்சாரம் என்று அப்போது எங்கள் தெருவில் யாருக்குத் தெரியும்? அப்பாவின் குதிகால் பித்தவெடிப்பில் சுண்ணாம்பு எப்போதும் உறைந்திருக்கும். அந்தக் காலுக்குக் கீழே யார் யாரோ படுத்து எழுந்து போனார்கள். அவருடைய வாழ்க்கையில் மரியாதை என்று வந்தது அந்த ஒரு வழியில்தான். அது எனக்கு அந்த வயசிலேயே தெரியும்.

பி.டி. சாரை நினைவிருக்கிறதா? மெலிந்த உடம்பு, பெரிய தொண்டை, கழுத்தில் விசில். என்னை அவர்தான் நீளத் தாண்டலுக்குப் பொறுக்கி எடுத்தார். செங்கல்பட்டில் செலக்‌ஷன் வருகிறது, தேறினால் விளையாட்டு விடுதி, சோறு, துணி, படிப்பு எல்லாம் அவர்களே, அப்புறம் கோட்டாவில் போலீஸ் வேலை என்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னார். அப்பா அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது, "போலீஸு" என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

விடியற்காலையில் சவுக்குத்தோப்பைத் தாண்டிக் கடற்கரைக்குப் போவோம். ஈர மணலில் ஓடினால் கால் எகிறும். காய்ந்த மணலில் ஓடினால் ஒவ்வொரு அடியிலும் குதிகால் புதைந்து, கெண்டைச்சதை கடுகடுவென்று எரியும். வலை இழுக்கிற ஆட்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "உட்காரு, எகிறு! உட்காரு, எகிறு!" என்று சார் கத்துவார். கொஞ்ச நேரத்தில் தொடை தன் பாட்டுக்கு நடுங்க ஆரம்பிக்கும். அந்த நடுக்கம் எனக்குப் பிடிக்கும். ராத்திரி படுத்துக்கொண்டு தொடையை இறுக்கி இறுக்கிப் பார்ப்பேன். முட்டிக்கு மேலே இரண்டு பக்கமும் சதை உருண்டு நிற்கும். என் வயசுப் பெண்கள் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் தொடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள்.

ஒரு தடவை எங்களை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போய்க் குன்றுப் பாறைமேல் ஏறி இறங்கவைத்தார். ஏறும்போது மூச்சு முட்டியது. இறங்கும்போது சுலபமாக இருந்தது, சிரித்துக்கொண்டே குதித்துக் குதித்து இறங்கினோம். மறுநாள் காலைக்கடனுக்கு உட்கார முடியவில்லை. அம்மா வெளியிலிருந்து, "இன்னாடி, உள்ள தூங்கினு கீறியா?" என்று கத்தினாள். ஏறினதால்தான் இந்த வலி என்று எல்லோரும் நினைத்தோம். இறக்கத்தில்தான் தொடை பிரேக் பிடித்துப் பிடித்து நொந்துபோகும் என்று எனக்கு இந்த வருஷம்தான் ஒருத்தி சொல்லித் தெரிந்தது. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

செலக்‌ஷனுக்காக அப்பா வெள்ளைக் கான்வாஸ் ஷூ ஒன்று வாங்கிவந்தார். யாரோ போட்டுக் கழித்தது, சாயம் போய்ப் பழுப்பாக இருந்தது. அதற்கு அவர் வேலை செய்கிற சுவர் பெயிண்டையே இரண்டு கை பூசிக் காயவைத்தார். ராத்திரி விளக்கில் பளபளவென்று இருந்தது. காலில் போட்டு மடக்கினதும் விரல் மடங்குகிற இடத்தில் பெயிண்ட் வெடித்துச் செதில் செதிலாக விழுந்தது. "ஓட ஓட சரியாப் பூடும்" என்றார். நான் நடந்த இடமெல்லாம் வெள்ளைச் செதில் கிடக்கும்.

அந்த ஷூவோடுதான் ஒரு சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் தாண்டினேன். ஓட்டம் நன்றாக வந்தது, எகிறலும் நன்றாக வந்தது. இறங்கும்போது இடது கால் குழியின் ஓரத்தில் இறுகிப்போயிருந்த மண்ணில் ஊன்றிவிட்டது. பாதம் அங்கேயே நின்றுவிட்டது, உடம்பு திரும்பிவிட்டது. முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. வீட்டுக்குப் போவதற்குள் முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

கூடவே வீட்டுக்கு வந்த பி.டி. சார் அழுத்திப் பார்த்துவிட்டு, "எலும்பெல்லாம் ஒண்ணும் ஆகல. சுளுக்கு" என்றார். அந்த ஒரு சொல்தான். கால் என்றால் நம் ஊரில் அதற்கு இரண்டு வியாதிதான். முறிவு, இல்லாவிட்டால் சுளுக்கு. முறிவு என்று சொல்லியிருந்தால் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். சுளுக்குக்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா? அதுவும் எங்கள் வீட்டில்? சார் அப்பாவைப் பார்த்துச் சிரித்து, "வைத்தியரை வீட்டுலயே வெச்சுக்கிட்டு எனக்கு என்ன கவலை?" என்றார். அப்பாவும் சிரித்தார்.

கோரைப்பாயில் என்னை மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். தெருவில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். அப்பா காலைக் கழுவி, துடைத்து, கிழக்கே பார்த்து நின்றார். அவர் பாதம் என் முட்டியில் பட்டபோது சில்லென்று இருந்தது. சுண்ணாம்பு வாசனை வந்தது. தடவினபோது உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவ்வளவு மெதுவாக அவர் வேறு யாருக்கும் தடவி நான் பார்த்ததில்லை.

மறுநாள் கேட்டார், "இப்ப எப்படி கீது?"

"வலிக்குதுபா."

அடுத்த நாள் மறுபடி தடவினார். மறுபடி கேட்டார். வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது, ஆனால் காலில் பலம் இல்லை. நின்றால் முட்டி தானாக மடங்கியது. அப்பா முகத்தில் ஒரு மாதிரி வாட்டம் தெரிந்தது. வாசலில் ஒரு கிழவர், "ஊருக்கெல்லாம் கேக்குது, பெத்த பொண்ணுக்குக் கேக்கலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பா காலைக் கழுவிய தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு, அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்கடுத்த நாள் அவர் கேட்பதற்கு முன்பே நான் சொன்னேன், "சரியாப் போச்சுபா."

"நெசமா?"

"நெசமாபா. வலியே இல்ல."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அம்மாவைக் கூப்பிட்டார், பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார். "நடந்து காட்டு" என்றார். நான் காலை விறைப்பாக வைத்துக்கொண்டு வாசல்வரை நடந்து காட்டினேன். விறைப்பாக வைத்துக்கொண்டால் மடங்காது என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன்.

மறுபடி பயிற்சிக்குப் போனேன். நேராக ஓடினால் ஒருவழியாக ஓட முடிந்தது. திரும்பினாலோ குதித்தாலோ முட்டி உள்ளே வழுக்கியது. குளிக்கும்போது பார்ப்பேன், இடது தொடை வலது தொடையைவிடச் சூம்பிப்போயிருந்தது. முட்டிக்கு மேலே உருண்டு நின்ற சதையைக் காணோம். இறுக்கிப் பார்த்தால் வலது தொடை இறுகியது, இடது தொடை சும்மா கிடந்தது. எவ்வளவு திட்டினாலும் கேட்கவில்லை. அம்மா பார்த்துவிட்டு, "நல்லாத் துன்னாத்தான சதை வைக்கும்" என்று முட்டை அவித்துக் கொடுத்தாள். சார், "சோம்பேறித்தனம்! வலி இருந்தா சதை வேலை செய்யுதுன்னு அர்த்தம், ஓடு" என்றார்.

செங்கல்பட்டுக்கு அப்பாவும் வந்தார். வேலைக்கு லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு. ஷூவுக்கு முந்தின நாள் மறுபடி பெயிண்ட் அடித்திருந்தார். மைதானத்தில் சார் மற்ற பள்ளி ஆசிரியர்களிடம் அப்பாவைக் காட்டி, "காலால பொறந்தவரு சார். பொண்ணு கால் தேங்காயாட்டம் வீங்கிக் கிடந்தது, இவர்தான் சரி பண்ணாரு" என்றார். அவர்களில் தடியாக ஒருத்தர், தனக்கு இடுப்புப் பிடித்து ஒரு வாரமாகிறது என்றார். அங்கேயே, புல்தரையில், துண்டை விரித்துக் குப்புறப் படுத்தும்விட்டார். சுற்றிலும் சட்டை டக்-இன் பண்ணின மனிதர்கள். நடுவில் என் அப்பா, பேன்ட் காலை மடித்துவிட்டுக்கொண்டு, வாட்டர் பாட்டில் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

அப்போதுதான் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஓடினேன். நேர் ஓட்டம், கால் பிடித்தது. குழிக்கு முன்னால் இருக்கிற பலகையில் இடது காலை ஊன்றி எகிற வேண்டும். ஊன்றினேன். கீழ்க்கால் ஒரு பக்கம், தொடை ஒரு பக்கம் போனது. எகிறவே இல்லை. குழிக்கு முன்னாலேயே முகம் மண்ணில் பட விழுந்தேன்.

தலையைத் தூக்கிப் பார்த்தபோது அப்பாவின் கால் அந்த வாத்தியார் முதுகின் மேல் இருந்தது. எடுக்காமல் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் எழுந்து சட்டையில் ஒட்டின புல்லைத் தட்டிவிட்டார். யாரோ சிரித்தார்கள். பெரிய சிரிப்பு இல்லை, மூக்கால் சிரிக்கிற சிரிப்பு. அப்பா வந்தார். எல்லோரும் பார்க்க, என் முட்டியில் பாதத்தை வைத்து மூன்று முறை தடவினார். கை பிடித்து எழுப்பினார். நின்றேன். மடங்கியது. மறுபடி எழுப்பினார், மறுபடி மடங்கியது.

அவர் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, மிக மெதுவாகச் சொன்னார்: "ஆக்டு குடுக்காத. எந்திரி."

அப்படி நினைக்காமல் அவருக்கு வேறு வழி இருந்ததா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். ஒன்று, மகள் நடிக்கிறாள். இல்லாவிட்டால், இத்தனை வருஷம் இத்தனை பேர் முதுகில் பட்டது வெறும் கால். இரண்டில் எதைத் தாங்க முடியுமோ அதை எடுத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தது. என்னை உட்காரவைத்துவிட்டு அவர் உட்காரவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டி வீடு வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஷூவை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்தபோது இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

விஷயம் எங்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டிருந்தது. விடுதிக்குப் போகப் பயந்து நாடகமாடிவிட்டாள் என்று ஒரு பேச்சு. அப்பன் கால் பலிக்கவில்லை என்று இன்னொரு பேச்சு. முதல் பேச்சுத்தான் நிலைக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன், நம்புவீர்களா? பள்ளிக்கூடத்தில் ஆக்டர் என்று கூப்பிட்டீர்கள். நான் மறுத்ததே இல்லை. ஆனால் இரண்டாவது பேச்சும் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டர் வருவது குறைந்தது. வந்த ஒன்றிரண்டு பேரிடமும் அப்பா, "கால்ல புண்ணு சார், ஆவாது" என்று சொல்லி அனுப்பினார். காலில் புண் எதுவும் இல்லை. கோரைப்பாயை அம்மா மிளகாய் காயவைக்க எடுத்துக்கொண்டாள்.

என்னிடம் அவர் பேசாமல் இல்லை. சாப்பிட்டியா, படிச்சியா, எல்லாம் கேட்பார். முட்டியைப் பற்றி மட்டும் சாகும்வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மோசமானது அது இல்லை. ஆக்டர், ஆக்டர் என்று கேட்டுக் கேட்டு நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன், அதுதான் மோசம். படியில் கால் மடங்கும்போதெல்லாம், 'வேணும்னேதான் பண்றேனோ?' என்று எனக்கே சந்தேகம் வரும். என் காலை நானே முப்பது வருஷம் நம்பவில்லை.

இந்த வருஷம் ஆபீஸ் லிஃப்ட் பழுதாகி, படியில் இறங்கும்போது விழுந்தேன். கேளம்பாக்கத்தில் ஒரு பிசியோதெரபி பெண்ணிடம் போனேன். என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் முட்டியை எடுத்துக் காட்டினாள். சதைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாதாம். தொடையின் முன்சதை இழுத்தால் கால் நீளும், பின்சதை இழுத்தால் மடங்கும். முட்டிச்சில்லு கிணற்று ராட்டினம் மாதிரி நடுவில் நின்று அந்த இழுப்பை வாங்கிக் கொடுக்கும். மூட்டுக்கு உள்ளே குறுக்காக ஒரு நார், கீழெலும்பு முன்னால் நழுவிவிடாமல் பிடித்துவைத்திருக்கும்.

"அது உங்களுக்கு இல்லவே இல்ல மேடம். சின்ன வயசுலயே அறுந்துபோயிருக்கணும். அப்போ யாரும் பாக்கலையா?"

"பாத்தாங்க" என்றேன்.

தொடை சூம்பினதைக் கேட்டேன். "முட்டிக்குள்ள நீர் கோத்துக்கிட்டா, மூளை முன்தொடைக்குப் போற ஆர்டரைக் குறைச்சுடும் மேடம். நீங்க என்னதான் இறுக்கினாலும் சதை இறுகாது. நீங்க வேணும்னு பண்றது இல்ல அது" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள், எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்கிறதா என்று கேட்டுப் பதறிப்போய், தூக்கிப் பிடித்திருந்த என் காலைக் கீழே வைத்தாள்.

அவள் சொன்னதை யாரிடம் போய்ச் சொல்வது? உன் கால் மேல் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை, உலகத்தில் எந்தக் கால் தடவினாலும் அறுந்த நார் ஒட்டாது அப்பா, என்று சொல்ல வேண்டும். சொல்லக் கேட்க அவர் இல்லை. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே நெஞ்சு அடைத்துப் போய்விட்டார்.

அன்றைக்கு நான் சென்னையில் வேலையில் இருந்தேன். தகவல் வந்து, அவசரமாக பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முட்டி மடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பழையபடி வீங்கி, நீட்டவும் வரவில்லை, மடக்கவும் வரவில்லை. புடவைக்குள் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அப்பாவைத் தரையில் அந்தக் கோரைப்பாயில்தான் கிடத்தியிருந்தார்கள். மிளகாய் நெடி இன்னும் அதில் இருந்தது. கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். பித்தவெடிப்பில் சுண்ணாம்பு அப்படியே இருந்தது.

தூக்குவதற்கு முன்னால், "பொண்ணக் கூப்புடு, அப்பன் கால்ல வுழுந்து கும்புடட்டும்" என்றார்கள். கூட்டம் விலகியது. பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு மண்டிபோடப் பார்த்தேன். பாதிவரைகூடப் போக முடியவில்லை, தொடை விட்டுவிட்டது. தடுமாறினேன். யாரோ இடுப்பைப் பிடித்து நிறுத்தினார்கள். மறுபடி முயன்றேன். மறுபடி அதேதான். "அப்பன் மேல இன்னும் கோவம் போவல போல கீது" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

அம்மா எழுந்து வந்தாள். அழுது அழுது குரலே இல்லை அவளுக்கு. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"உன் கால்ல வோணும்னாலும் வுழறேன்டி. இன்னிக்கு ஒரு நாளாவது ஆக்டு குடுக்காத."

பிறகு தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் காலை நான் தொடவே இல்லை.